சம்பந்தியின் முதுகுப்பை

தெருவில் எல்லோரும் அவளை லாண்டரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்த சலவைக்கடை அவளுடையது. இரண்டு மெஷின், ஒரு நீராவி இஸ்திரி, சுவர் முழுக்க மரத்தட்டுகள். அவள் மடித்து அடுக்கிய சட்டைகளைப் பார்க்கிறவர்களுக்கு அது சலவைக்கடையா புதுத்துணிக்கடையா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரே மகளுக்கு வேறு எதைக் கற்றுக்கொடுத்தாளோ இல்லையோ, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே துணி மடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

அந்த மகள் ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயதாகியும், கல்யாணமாகியும், வீட்டில் இன்னும் அவள் பாப்பாதான். மேஜையில் கிடந்த டி-ஷர்ட் ஒன்றை எடுத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினாள். இறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இப்படித்தாம்மா பேக் பண்ணணும். மடிச்சா இடத்தை அடைக்குமாம். அத்தை சொன்னாங்க" என்றாள்.

அத்தை என்றால் அவளுடைய மாமியார். லாண்டரியம்மாவுக்குச் சம்பந்தி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, விறைப்பாக நடப்பார். மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான் என்பதால், அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. பாப்பா பழைய வேலையை விட்டுவிட்டாள். புது வேலை தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள், மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் போகிற ஒரு நீண்ட நடைபாதையை முதுகில் மூட்டையோடு நடந்தே கடந்துவிடுவது என்று மாமியாரும் மருமகளும் முடிவு செய்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் தங்குவதற்கு நடைபயணிகளுக்கான சின்னச் சின்ன விடுதிகள் உண்டாம்.

லாண்டரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்த டி-ஷர்ட்டை எடுத்து உதறி, மடித்துத் தட்டில் வைத்தாள்.

அன்று வீட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினாள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாம் முடிவானபிறகு வந்து சொல்கிறாள் என்று. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகியதால் எதற்கும் சுலபத்தில் பதறமாட்டார். ஊரில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத வீடுகள் எத்தனை இருக்கின்றன, நம் பெண்ணுக்கு இப்படி ஒருத்தர் வாய்த்ததற்குச் சந்தோஷப்பட வேண்டாமா என்றார்.

"நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை நங்கென்று வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனாள். பை கட்டுவதைப் பார்க்க வருமாறு பாப்பாதான் கூப்பிட்டிருந்தாள். அவள் வெறுங்கையோடு போகவில்லை. தடிமனான துவாலை இரண்டு, கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, ஒரு டப்பா நிறைய மருந்து, பாப்பாவுக்கு என்று தனியாக இஸ்திரி போட்டு மடித்த நான்கு சட்டை, எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் சுமந்துகொண்டு போனாள்.

கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் ஒரு போர்வை விரித்திருந்தார்கள். அதன்மேல் இரண்டு முதுகுப்பைகள். சிவப்பு பாப்பாவுடையது. சாம்பல் நிறம் சம்பந்தியுடையது. பக்கத்தில் சமையலறைத் தராசு. சம்பந்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"கனம் குறையும்" என்றார்.

பல்துலக்கிக்கே இந்தக் கதி என்றால் ஸ்வெட்டருக்கு என்ன நடக்கும் என்று லாண்டரியம்மா அப்போதே ஊகித்திருக்க வேண்டும். சம்பந்தி அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று மனமாரச் சொன்னார். பிறகு தராசில் வைத்தார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிதான். ஆனால் அந்தப் பார்வையில் தனக்கு இடமில்லை என்பது லாண்டரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்வெட்டர் சோபாவுக்குப் போனது. துவாலைகளும் அதன் பின்னாலேயே போயின.

அதற்கப்புறம் சம்பந்தி விளக்கிச் சொன்னது எதுவும் அவள் காதில் சரியாக ஏறவில்லை. உள்ளே புகுந்து படுத்துக்கொள்கிற தூங்கும் உறை அடியில் போகவேண்டும், கனமான சாமான் நடுவில், முதுகை ஒட்டி. அடிக்கடி தேவைப்படுவது மேலே. எல்லாவற்றுக்கும் முன்னால், பைக்கு உள்ளே ஒரு தடித்த கறுப்பு பாலிதீன் பையை விரித்துவிட்டு அதற்குள்தான் அடுக்கவேண்டும். வெளியே மழை உறை போட்டாலும், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கிவிடுமாம். அந்தக் கறுப்புப் பையைப் பார்த்ததும், குப்பை அள்ளுகிற பையைப்போல இருக்கிறதே, இதற்குள்ளா என் பெண்ணின் துணி என்று அவளுக்குத் தோன்றியது.

பாப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, சுருட்டிய துணியை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி கையை நீட்டினால் போதும், என்ன வேண்டும் என்று கேட்காமலே அதை எடுத்து வைத்தாள். கடையில் தன்னோடு வேலை பார்த்த காலத்தில்கூட இவளுக்கு இப்படி ஒரு சுறுசுறுப்பு இருந்ததில்லையே என்று லாண்டரியம்மா நினைத்தாள். வயிறு எரிந்தது. கொடுத்த காபியை, சர்க்கரை சரியாக இருந்தும், பாதியில் வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு பாப்பாவிடமிருந்து போன் வந்தது. அத்தை பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகும்போது கடைசிப் படியில் கால் பிசகிவிட்டதாம். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் கணுக்கால் வீங்கிக்கிடக்கிறது, பத்துப் பன்னிரண்டு நாள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஐயோ பாவமே" என்றாள் லாண்டரியம்மா. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்னவோ ஒன்று துள்ளிக் குதித்தது. அந்தத் துள்ளலை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போய், போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

விடுதிகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, நாளைத் தள்ளிப்போட முடியாது. யோசனை சொன்னது சம்பந்திதான். தான் தேறி வருகிறவரைக்கும் அம்மாவும் பெண்ணும் நடக்கட்டும், வழியில் இருக்கிற முதல் பெரிய ஊருக்குத் தான் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். பை தயாராக இருக்கிறது, துணியை மட்டும் மாற்றிக்கொண்டு அதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

கணவர் சிரித்தேவிட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட ராத்திரி தங்கமாட்டாய், கடை கடை என்று ஓடிவருவாய், நீயா மலையேறப் போகிறாய் என்றார். அவள் கடையை இஸ்திரி போடுகிற ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றே புது ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் காலையில் பாப்பா சாம்பல் பையை அவள் முதுகில் ஏற்றிவிட்டாள். சம்பந்தி நெட்டை, இவள் குட்டை. பட்டைகளை எல்லாம் இழுத்து இழுத்துச் சுருக்க வேண்டியிருந்தது. இடுப்புப் பட்டையை மட்டும் சுருக்கத் தேவைப்படவில்லை, கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. அதைப் பாப்பா பேசாமல் செய்திருக்கலாம். "அத்தைக்கு இன்னும் உள்ள போகும்" என்று சொல்லிவைத்தாள்.

வழி நெடுகிலும் இதே கதைதான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், அத்தை சொன்னாங்க. ஏற்றத்தில் சின்ன அடியா வைக்கணும், அத்தை சொன்னாங்க. இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும் என்று அத்தை சொன்னாங்க, பாரு, பிரியுது. வராத சம்பந்தி வந்தவளைவிட முன்னால் நடந்துகொண்டிருந்தார். பையிலும் அவர்தான். திறந்தால் அவருடைய தைல வாசனை. கையை விட்டால் அவர் வைத்த இடத்தில் அவர் வைத்த சாமான். லாண்டரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். புது ஷூ வேறு குதிகாலைக் கடித்தது.

மூன்றாம் நாள் தங்கிய விடுதியில், பாப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் சாம்பல் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். சுருட்டியதை எல்லாம் பிரித்து உதறினாள். ஒவ்வொன்றாகத் தட்டி, மடித்து, பெரியதன்மேல் சின்னது என்று அடுக்கினாள். அந்தக் கறுப்புப் பாலிதீன் பையை உருவி எடுத்து, மூன்று நாள் அழுக்குத் துணியை அதில் போட்டு வாயைக் கட்டினாள். அழுக்கையும் வெளுப்பையும் ஒன்றாக வைப்பதாவது. அவள் தொழிலுக்கே அது அடுக்காது. எல்லாம் முடிந்தபோது பை அவளுடையதாக ஆகிவிட்டதுபோல இருந்தது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. காற்றோடு சேர்ந்து அடித்த மழை. ஒதுங்க இடமே இல்லாத வெட்டவெளி. மழை உறையைப் பைமேல் மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள். முதுகில் சில்லென்று என்னவோ இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மடித்த சட்டை, மடித்த பனியன், மடித்த காலுறை, அடியில் இருந்த தூங்கும் உறை, எல்லாம் பிழிந்தால் வாளி நிறையும்போல நனைந்திருந்தன. வெளி உறை வெளியைத்தான் காத்திருந்தது. முதுகுக்கும் பைக்கும் நடுவில் வழிந்த தண்ணீர் சாவகாசமாக உள்ளே போயிருந்தது.

பாப்பா ஈரத்தலையோடு வந்து நின்று பார்த்தாள். "உள்ள இருந்த கறுப்புப் பை எங்கம்மா?"

"அழுக்குத் துணி போட்டு வெச்சிருக்கேன்."

"அத்தை அவ்வளவு தூரம் சொன்னாங்களே..."

அவ்வளவுதான். ஒரு மாதமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது குப்பென்று பற்றிக்கொண்டது. "அப்போ உங்க அத்தையையே கூட்டிக்கிட்டு வந்திருக்கவேண்டியதுதானே? கால் சரியாகறவரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கவேண்டியதுதானே? இந்தப் பொருத்தமில்லாத பையை என் தலையில கட்டி, நாள் பூரா அத்தை புராணம் பாடிக்கிட்டே வர்றியே, பெத்தவ ஒருத்தி பக்கத்துல நடக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

பாப்பா ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்.

"உன்னைக் கேட்டேம்மா. போன வருஷம், கடையில வெச்சு. ரெண்டு பேரும் எங்கயாவது போலாமான்னு. யார் கடையைப் பார்த்துக்கறதுன்னு சொல்லிட்டு நீ இஸ்திரியை எடுத்துட்டே. அத்தைகிட்ட நான் கேட்கலை. அவங்கதான் என்னைக் கூப்பிட்டாங்க. என்னை யாருமே எங்கயும் கூப்பிட்டதில்லை, தெரியுமா?"

லாண்டரியம்மா நினைவுபடுத்திப் பார்த்தாள். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே ஞாபகம் இல்லை. மறுக்கலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் 'யார் கடையைப் பார்த்துக்கறது' என்பது தன் வாயிலிருந்து வருகிற வாக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இருவருக்கும் குளிர் நடுக்கியது. மாற்றிக்கொள்ளத் துணி வேண்டும். பாப்பா தன் சிவப்புப் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள். அது இவளுக்குத் தோளுக்கு மேல் ஏறவில்லை. கையை மேலே தூக்கியபடி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றவளைப் பாப்பா பிடித்து இழுத்து வெளியே எடுக்கவேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் கறுப்புப் பையின் முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே மூன்று நாள் வியர்வைத் துணி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

பாப்பாதான் முதலில் சிரித்தாள். "அழுக்கை நல்லாப் பத்திரமா வெச்சிருக்கியேம்மா." அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல், லாண்டரியம்மாவும் சிரித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவள் தன் நாற்றத்தைத் தானே மாட்டிக்கொண்டு, மகளின் தூங்கும் உறையை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்தாள். சின்ன வயதில் இஸ்திரி மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்குகிற பழக்கம் தனக்கு இருந்ததைப் பாப்பா சொன்னாள். அங்கே மேலிருந்து சூடு இறங்குமாம். அதற்குத்தான் மகள் அங்கே வந்து படுத்தாள் என்பது லாண்டரியம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அத்தை பேச்சு குறைந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. எதிரே வருகிற நடைபயணிகளைப் பார்த்து, இவர் அழுக்கைப் பத்திரமாக வைக்கிற ஆள், இவர் இல்லை என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். கறுப்புப் பை மறுபடியும் அதன் இடத்துக்குப் போனது. மடிப்பை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரிய ஊரின் பஸ் நிலையத்தில் சம்பந்தி முன்னமே வந்து காத்திருந்தார். கணுக்காலில் கட்டு, கையில் ஒரு கைத்தடி. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லாண்டரியம்மா முதுகிலிருந்து பையை இறக்கி பெஞ்சில் வைத்தாள். சம்பந்தி அதைத் திறந்து, மேலாகப் பார்த்து, மடிப்பை ஒரு விரலால் தொட்டுவிட்டு மூடினார்.

"அந்த பாலிதீன் பை உபயோகமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். லாண்டரியம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, சம்பந்தி என்ன ஏது என்று தெரியாமல், உதட்டில் அரைச் சிரிப்போடு நடுவில் நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை அத்தை என்றாள் பாப்பா. அந்த அரைச் சிரிப்பு மெல்ல வடிந்தது.

அந்த முகத்தை லாண்டரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கடைக் கண்ணாடியில் பார்த்த முகம். இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம்போல இருந்தது. கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

டீ வாங்கிவரப் பாப்பா போனபிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி காலை நீட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி சொன்னார்.

"வீட்டுல காலைத் தூக்கித் தலையணை மேல வெச்சுக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் இப்போ எங்க நடந்துக்கிட்டு இருப்பீங்கன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன் சம்பந்தி. நானேதான் போகச் சொன்னேன். ஆனாலும் வயித்தெரிச்சல் தாங்கலை."

விளையாட்டு டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று லாண்டரியம்மா எதிர்பார்க்கவில்லை. தனக்கு எத்தனை நாளாக எரிந்தது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கால் வீக்கம் வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். பிறகு, அது போதாது என்று பட்டு, மழையில் நடந்த கூத்தை முதலிலிருந்து சொன்னாள். கறுப்புப் பைக்குள் அழுக்குத் துணி போட்டதைச் சொன்னாள். சண்டை போட்டதை மட்டும் விட்டுவிட்டாள். சம்பந்தி கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் தூங்கும் உறை முழுக்கக் காய்ந்துவிட்டதா, உள்ளே பஞ்சு கட்டி கட்டியாக ஆகியிருக்கிறதா என்று விசாரித்தார். சிரிக்கவில்லை.

லாண்டரியம்மா ஊர் திரும்புவதற்கான பஸ் வந்தது. சாம்பல் பையிலிருந்து தன் துணியை மட்டும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கீழே சம்பந்தி சாம்பல் பையின் பட்டைகளை எல்லாம் நீளமாக இழுத்துவிட்டுக்கொண்டார். பாப்பா இடுப்புக் கொக்கியை மாட்டிவிட்டாள். பஸ்ஸைப் பார்த்துக் கையை வீசி ஆட்டினாள். பிறகு இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். சம்பந்தி லேசாக விந்தினார். அவருடைய நடைக்குத் தகுந்தபடி பாப்பா தன் அடியைச் சின்னதாக்கிக்கொண்டாள். அதைப் பார்த்தபோது லாண்டரியம்மாவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் அவளுடைய வெயில் பட்ட முகத்தையும் சேறு காய்ந்த ஷூவையும் பார்த்துவிட்டு எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நடந்து வந்தேன் என்றாள் லாண்டரியம்மா. சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. ஏற்றத்தைச் சொன்னாள், வெட்டவெளியைச் சொன்னாள், மழையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். தானும் மகளும் போனதாகச் சொன்னாள். அப்படியானால் இப்போது அந்தப் பெண் மிச்ச வழியைத் தனியாகவா நடக்கிறாள் என்று அந்த அம்மாள் கவலைப்பட்டார்.

லாண்டரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இல்லை, அவ மாமியார் கூட இருக்காங்க" என்றாள். பிறகு, "நல்லவங்கதான்" என்று சேர்த்துக்கொண்டாள். அந்தத் 'தான்' கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.